கம்பி போன பக்கம்

எந்த ஜமீன் என்று கேட்காதீர்கள். ஜமீன்தாரின் நாட்டுத் துப்பாக்கிக்கு வேண்டிய வெடிமருந்து, குண்டு, குழலுக்குள் விட்டு இடிக்கும் கம்பி எல்லாவற்றையும் பையில் அடுக்கித் தருவது கைக்குழந்தைக்காரி சீனியம்மாளின் வேலை.

அன்று காட்டில் ஜமீன்தார் சுட்டார். பன்றி ஓடிவிட்டது, கம்பியையும் காணோம்.

"அடுக்கத் தெரியாத கழுதை! பொழுது சாயுறதுக்குள்ள கம்பி வரலேன்னா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஊரைவிட்டே போயிடு!"

பையோடு காட்டுக்குக் கூட வந்திருந்த சீனியம்மாள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "கம்பி இல்லாம குண்டை எப்படி இடிச்சீங்க, எசமான்?"

"இடிக்கிறப்ப இருந்துச்சுடி!"

"அப்புறம் உருவுனீங்களா?"

ஜமீன்தார் மீசையைத் தடவினார். பல்லக்குத் தூக்கிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"குண்டோட பறந்திருக்கும், தேடிடலாம். எதைக் குறிவச்சீங்க?"

"பன்றியை!"

"அப்ப அந்தப் பக்கம் மட்டும் இருக்காது."

ஓரமாய் இறக்கி வைத்திருந்த ஜமீன்தாரின் பல்லக்குக் கூரையில் கம்பி குத்திக்கொண்டு நின்றது.

"நான் ஊரைவிட்டுப் போகணுமா, எசமான்?"

"அப்படி எவன்டி சொன்னது? பிள்ளை வெயில்ல வாடுது, வீட்டுக்குப் போ!"