மாடக்கண்ணு சரி என்று சொன்னது

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். வைத்தியர் பொன்னுத்தாய். அவரிடம் வைத்தியம் படிக்கும் அருணகிரி. இவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தன் ஆசான் பொன்னுத்தாயைவிட வயதில் மூத்தவர். வீட்டுக்காரன் தளவாய். அவன் மனைவி செல்லக்கிளி. கட்டிலில் தளவாயின் தகப்பனார் மாடக்கண்ணு. கிணறு வெட்டி வாழ்ந்த மனிதர், இடுப்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்தார்.

“சனிக்கிழமை அப்பாவுக்குத் தலைக்கு ஊத்திரலாம்னு இருக்கோம். வைத்தியர் கையால ஊத்துனா நாளைக்கு ஒரு பேச்சு வராது,” என்றான் தளவாய்.

பெயர்தான் எண்ணெய்க் குளியல். அந்த உடம்பு அதைத் தாங்காது, உயிர் போய்விடும் என்பது ஊருக்கே தெரியும்.

“அவரு என்ன சொல்லுதாரு?” என்று கேட்டார் பொன்னுத்தாய்.

“சரின்னுட்டாரு. நேத்தே கேட்டாச்சு,” என்றாள் செல்லக்கிளி.

மாடக்கண்ணு சுவரைப் பார்த்து முனகிக்கொண்டிருந்தார்.

அருணகிரி குரலைத் தாழ்த்தினார். “சட்டப்படி இது கொலை. ஆனா வலியும் நிஜம், சம்மதமும் நிஜம். கேக்கிறவருக்குக் கொடுக்கிறது எப்படிப் பாவமாகும், ஆசானே?”

பொன்னுத்தாய் மகனையும் மருமகளையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

“துணியை மாத்துங்க, அண்ணாச்சி.”

அருணகிரி தயங்கினார். பிறகு நனைந்த துணியை உருவி, புண்ணைத் துடைத்து, உலர்ந்த துணி விரித்தார். ஆசான் வலிக்கு மருந்து புகட்டினார். முனகல் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“மாமா, தலைக்கு ஊத்தட்டுமா?” என்று கேட்டார் பொன்னுத்தாய்.

“அதான் சரின்னு சொல்லியாச்சுல்லா.”

“யாருகிட்ட?”

“மருமககிட்ட. மூக்கைப் பொத்திக்கிட்டு கேட்டா. பீ மூத்திரத்துல கிடக்கவன் வேற என்னத்தச் சொல்ல?”

“இப்போ நான் கேக்கேன்.”

மாடக்கண்ணு முதன்முறையாகத் தலையைத் திருப்பினார்.

“வலிச்சா, செத்துப்போறேன்னு நானே சொல்லுவேன். எனக்கு வாய் இருக்கு. சனிக்கிழமைன்னு அவன் நாள் குறிக்க இங்க என்ன கல்யாணமா நடக்கு? காப்பி கொண்டாரச் சொல்லு அந்தப் பயலை!”

குரல் முற்றம்வரை கேட்டது. பொன்னுத்தாய் கதவைத் திறந்தார். தளவாய் தரையைப் பார்த்தான். செல்லக்கிளி தலை குனியவில்லை.

“எட்டு மாசமா அள்ளுறவ நான்,” என்றாள்.

“தெரியும் தாயி. நாளையிலருந்து காலையில அள்ள அண்ணாச்சி வருவாரு.”

அருணகிரிக்கு அது புதுச் செய்தி. அதை விழுங்கிக்கொண்டு கேட்டார்:

“நாளைக்கு அவரே நிஜமா கேட்டா?”

“மொதல்ல துணியை மாத்துங்க.”

“அதுக்கப்புறமும் கேட்டா?”

“அப்போ கேக்கிறது அவரா இருப்பாரு. சட்டத்துக்கு என்ன சொல்லணுமோ, அதை நான் சொல்லிக்கிடுதேன்.”

அருணகிரி கொடியில் காய்ந்த துணிகளை எண்ணினார். மூன்று மீதம் இருந்தன.