சொல்லைத் தட்டியவள்

பொறையூர் அரண்மனைக்கு டேப்லெட் வந்தபோது பனையோலைகள் எல்லாம் பரணுக்குப் போயின. இது எந்தக் காலத்தில் என்று கேட்பவர்களுக்குக் கதை கேட்கத் தெரியாது என்று அர்த்தம்.

அரசர் கடம்பராயர் வாயால் சொல்லுவார். ஆணை எழுதும் பதவியில் இருந்த சேந்தி அதை டேப்லெட்டில் தட்டுவாள். தட்டி அனுப்பிய கணமே அது எல்லா ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

ஒருமுறை, மழை இல்லாமல் வாடிய மாங்குளத்துக்கு அரசர் வரி விலக்கு கொடுத்தார். கண்ணாடித் திரையில் சேந்தியின் விரல் கொஞ்சம் வழுக்கிவிட்டது. மறுநாள் காலை மாங்குளத்துக்காரர்கள் ஆளுக்கொரு விளக்கோடு அரண்மனை வாசலில் நின்றார்கள். 'வரி விளக்கு' என்று ஆணை வந்திருந்ததாம்.

அரசர் கோபப்படவில்லை. விளக்குகள் நன்றாக இருந்தன.

"வெறும் கண்ணாடியில் தட்டினால் இப்படித்தான். கீபோர்டு வைத்த உறை ஒன்று வாங்குங்கள்" என்றார்.

வாங்கும் பொறுப்பு கருவூலத் தலைவர் ஆச்சாண்டாரிடம் போனது. ஆச்சாண்டாருக்கு ஒரு மைத்துனர். மைத்துனருக்கு ஒரு கடை. சில நாட்களில் பொன்முலாம் பூசிய உறை அவைக்கு வந்தது. மூடியில் யாளி, யாளியின் கண்ணில் பச்சைக் கல். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

அரசருக்கு யாளியைப் பிடித்துவிட்டது. "இனி என் ஆணைகள் எல்லாம் இதில்தான். சேந்தி, எடுத்துக்கொள்."

சேந்தி எடுக்கவில்லை. குனிந்து இரண்டு மூன்று எழுத்துகளை அமுக்கிப் பார்த்தாள்.

"இது வேண்டாம் அரசே. 'ல'வை அமுக்கினால் பக்கத்து 'ள' விழுகிறது. மடியில் வைத்தால் கால் மரத்துவிடும். சந்தையில் துணி போர்த்த உறை ஒன்று பார்த்தேன். எல்லா எழுத்தும் ஒழுங்காக விழுகிறது. சாய்த்து நிறுத்தவும் முடிகிறது."

இதற்காகவே காத்திருந்தவர்போல ஆச்சாண்டார் எழுந்தார்.

"இத்தனை பேர் முன்னால் அரசர் சொல்லைத் தட்டிவிட்டாள். அரசர் சொல்லைத் தட்டியவர் அன்றே பதவி இழக்க வேண்டும். உங்கள் தந்தையார் போட்ட சட்டம் அரசே."

சட்டம் அப்படித்தான் இருந்தது. பதவி போனால் அரண்மனை கொடுத்த வீடும் போகும். படுக்கையில் கிடக்கும் கணவனை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று சேந்தி யோசிப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அரசர் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

தூணோரம் கடலை கொறித்துக்கொண்டிருந்தான் வேம்பன். அவையில் அவனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், அரசருக்குத் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்வது என்பான்.

"கருவூலத் தலைவர் சொல்வது சரிதான். ஒரு சந்தேகம், இந்தச் சட்டம் எல்லோருக்கும்தானே?" என்று கேட்டான்.

"எல்லோருக்கும்தான். எனக்கே ஆனாலும்" என்றார் ஆச்சாண்டார்.

"அப்படியானால் ஆணையைப் போட்டுவிடுங்கள் அரசே. ஆனால் தன் வேலையைப் பறிக்கும் ஆணையை அவளே தட்டினால் பார்க்க நன்றாக இருக்காது. ஐயா தட்டட்டும். புது உறைக்கும் முதல் வேலையாகிவிடும்."

வேம்பன் தன் பக்கம் பேசி ஆச்சாண்டார் பார்த்ததே இல்லை. சால்வையை ஒதுக்கிவிட்டு, யாளியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"சேந்தியைப் பதவியை விட்டு விலக்கு" என்றார் அரசர், அவளைப் பார்க்காமல்.

'சேந்தியைப் பதவியை விட்டு' வரை வந்துவிட்டது. பிறகு 'வி' வந்தது. பிறகு டொக். டொக். டொக்.

"என்ன அது சத்தம்?"

"ஒன்றுமில்லை அரசே. 'ல' கொஞ்சம் புதுசு."

அரசர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "பதவியை விட்டு விளக்கா?"

"மாங்குளத்தில் இன்னும் மிச்சம் இருக்கும் அரசே. கேட்டால் கொடுப்பார்கள்" என்றான் வேம்பன்.

ஆச்சாண்டாரின் காது சிவந்தது. அழித்தார். மறுபடி டொக். மறுபடி அழித்தார். யாளி மட்டும் ஜொலித்துக்கொண்டிருந்தது. வேம்பன் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"ஐயா, இவ்வளவு நேரமாக நீங்கள் என்னதான் செய்கிறீர்கள்?"

"உனக்குக் கண் தெரியவில்லையா? அரசர் சொல்லைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்."

"எத்தனை தடவை?"

"ஒரே சொல்லை நாலு தடவை தட்டிவிட்டேன். போதுமா?"

வேம்பன் அரசரைத் திரும்பிப் பார்த்தான். "கேட்டுக்கொள்ளுங்கள் அரசே. சேந்தி ஒரே ஒரு தடவைதான் தட்டினாள்."

டொக் சத்தம் நின்றது. அரசரின் தோள்கள் முதலில் குலுங்கின. சிரிப்பு பிறகுதான் வெளியே வந்தது.

"அரசே, அந்தத் தட்டு வேறு, இந்தத் தட்டு வேறு" என்றார் ஆச்சாண்டார்.

"என் தந்தை அப்படிப் பிரித்து எழுதவில்லையே. விலக்கினால் இரண்டு பேரையும் விலக்க வேண்டும். விட்டால் இரண்டு பேரையும் விட வேண்டும். நீங்களே சொல்லுங்கள்."

ஆச்சாண்டார் நெடுநேரம் யோசிக்கவில்லை. "விட்டுவிடலாம்."

"நல்லது. உறையை மைத்துனரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆள் வேண்டாம், நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள்."

யாளியின் பச்சைக் கல்லை மட்டும் பெயர்த்து அரசர் வேம்பனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அது கண்ணாடி என்பது பிற்பாடு தெரிந்தது.

அன்று மாலையே சந்தையிலிருந்து துணி உறை வந்தது. சேந்தி அதை மடியில் வைத்து, டேப்லெட்டைச் சாய்த்து நிறுத்தி, முதல் வேலையாக 'விலக்கு' என்று அடித்துப் பார்த்தாள். 'ல' விழுந்தது.

அரசர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேந்தி, இனிமேல் என் சொல்லைத் தட்டத் தயங்காதே."

"எந்தத் தட்டு அரசே?"

அரசர் 'ல'வை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார்.

"இரண்டும்தான்."