கால் படாத தரை

அன்று மடத்தில் கேள்வி கேட்கிற நாள். மனம் ஏன் ஓரிடத்தில் நிற்பதில்லை என்று ஒருவர் கேட்டார். இறந்த பிறகு என்ன என்று இன்னொருவர் கேட்டார். அடுத்து நல்லபெருமாள் எழுந்தார்.

"அம்மா, வீட்டுக்கு என்ன தரை போடலாம்?"

பின்வரிசையில் ஏகாம்பரம் சிரித்துவிட்டார்.

"என்னவே, டைல்ஸ் கடைன்னு நினைச்சு மடத்துக்குள்ள வந்துட்டீரா?"

"உமக்கு வாடகை வீடு. நீரு மோட்சத்தப் பத்திக் கேளும்."

அம்மா சிரிக்கவில்லை. அந்த மடத்தின் குரு அவள். நல்லபெருமாளைவிட வயதில் இளையவள். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

"எப்படிப்பட்ட தரை வேணும் அண்ணாச்சி?"

"காலத்துக்கும் உழைக்கணும். கறை பிடிக்கக் கூடாது. துடைச்சா ஒரே துடைப்புல போயிறணும். ஈரத்துல வழுக்கக் கூடாது."

"வீட்ல யாரு யாரு இருக்கீங்க?"

"நானும் என் வீட்டுக்காரியும்."

"ரெண்டு பேரும் வழுக்கி விழுறீங்களா?"

"நாங்க எதுக்கு விழுறோம்." குரலைத் தாழ்த்தினார். "பேரன் நடக்க ஆரம்பிச்சிருக்கானாம்."

"பார்த்தீங்களா?"

"போன்ல வீட்டுக்காரி காட்டுனா. மூஞ்சி தெரிஞ்சுது. காலு தெரியல."

ஏகாம்பரம் அப்புறம் சிரிக்கவில்லை.

நல்லபெருமாள் மாட்டுத் தரகர். சந்தையில் அவர் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். கைநஷ்டப்பட்டாலும் மாற்றிச் சொல்லமாட்டார். அந்தப் பேரை வைத்துத்தான் இத்தனை காலம் பிழைத்தார். மகள் செண்பகவல்லி தானே பார்த்தவனைக் கட்டிக்கொண்டு மாலையும் கழுத்துமாக வந்து நின்ற அன்று, அதே வாயால்தான், "இந்தத் தரையில இனி உன் காலு படக் கூடாது" என்றார். அவள் திரும்பிப் போனாள். தெருவே பார்த்தது.

சொல்லை மாற்ற அவருக்குத் தெரியவில்லை. மாற்றாமல் மகளைப் பார்க்க ஒரு வழி உண்டா என்று யோசித்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் வழி கிடைத்தது. வீட்டை இடித்தார்.

"நான் சொன்னது அந்தத் தரைக்குத்தானம்மா. இப்ப அந்தத் தரையே இல்லையே."

இடித்த கல், காரைச் சில்லை அஸ்திவாரத்துக்குள் கொட்டி நிரப்பிவிடலாம், மண் வாங்குகிற செலவு மிச்சம் என்றார் கொத்தனார். எல்லா வீட்டிலும் செய்கிற காரியம்தான். நல்லபெருமாள் விடவில்லை. பழைய தரையின் ஒரு துண்டுகூடப் புதுத் தரைக்கு அடியில் கிடக்கக் கூடாது என்று நின்று பொறுக்க வைத்தார். டிராக்டரில் ஏற்றி ஊருக்கு வெளியே கொட்டச் சொன்னார். அடிமண்ணையும் தோண்டி அனுப்பினார்.

"பேய் ஏதும் இருக்கா அண்ணாச்சி?" என்றார் கொத்தனார்.

"உன் வேலையப் பாருடே."

இதையெல்லாம் கேட்ட அம்மா, "கல்லும் டைல்ஸும் மாதிரிக்கு ஒவ்வொண்ணு வாங்கிட்டு வாங்க. சிந்திப் பார்ப்போம்" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு சாக்கில் கட்டித் தூக்கிவந்தார். மடத்து முற்றத்தில் வரிசையாகப் பரப்பினார்கள்.

"உங்க வீட்ல என்னவெல்லாம் சிந்தும்?"

நல்லபெருமாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பால் சிந்தும். பருப்புச் சோத்தக் கையில எடுத்து அப்புவான். ஒண்ணுக்குப் போவான். கடைக்குட்டி பிறந்தா எண்ணெய் தேய்ச்சுக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுவாங்க, அந்த எண்ணெய். அவ ஊறுகாய் பாட்டிலத் தொறந்தா சிந்தாம எடுக்கவே மாட்டா, சின்ன வயசுலேருந்து. அப்புறம் வாசல்ல, ஆரத்தித் தண்ணி."

"கடைக்குட்டியா? இன்னும் ஒண்ணா?"

"வீடு பெருசாத்தானம்மா கட்டுறேன்."

ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்த்தார்கள். கடப்பா கல்லை எலுமிச்சைச் சாறு அரித்து வெள்ளையாக்கியது. பளபளத்த கிரானைட்டில் தண்ணீர் பட்டதும் ஏகாம்பரமே கால் வழுக்கி, "சிவசிவா" என்று தூணைப் பிடித்தார். சிமெண்டுத் தரைக்கான துண்டில் எண்ணெய் இறங்கிவிட்டது. சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ் ஒன்றுதான் எல்லாவற்றையும் தாங்கியது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்துச் சிவந்த ஆரத்தித் தண்ணீரை அதன்மேல் ஊற்றிக் காயவிட்டுத் துடைத்தார்கள். அடையாளமே இல்லை.

"ஒண்ணுமே நிக்கல" என்றாள் அம்மா.

"ஆமம்மா! ஒண்ணுமே நிக்கல."

"அப்ப இதையே போடுங்க."

தரை போட்டு முடிந்தது. பால் காய்ச்சினார்கள். சொந்தக்காரர்கள் வந்து சாப்பிட்டுப் போனார்கள். அன்று முழுக்க நல்லபெருமாளின் பார்வை தெருவில்தான் இருந்தது.

கோடை போய் மழைக்காலம் வந்தது. மடத்துக்கு வந்த நல்லபெருமாள் கேள்வி ஏதும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் எழுந்துபோன பிறகு அம்மா கேட்டாள்.

"தரை எப்படி இருக்கு?"

"தினமும் துடைக்கேம்மா. துடைச்ச துணியப் பிழிஞ்சா, முக்குன தண்ணி அப்படியே தெளிவா வருது."

மறுநாள் அம்மா அவர் வீட்டுக்குப் போனாள்.

நல்லபெருமாள் உள்ளேயிருந்து ஓடிவந்தார். வாசல் நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு, "வாங்கம்மா, வாங்க" என்றார். அவர் மனைவி குருவம்மாள் கால் கழுவத் தண்ணீர் எடுத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்து வழியாக வந்தாள்.

அம்மா கால் கழுவினாள். படி ஏறினாள். நிலைக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"மகளுக்குத் தெரியுமா, புது வீடுன்னு?" என்று குருவம்மாளைக் கேட்டாள்.

"எல்லாஞ் சொன்னேம்மா. ரூம்பு இத்தனை, தரை இன்ன நெறம்னு. அவ வீட்டப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. 'அப்பா என்ன சொன்னாக'ன்னா. அத மட்டுந்தான் கேட்டா."

"நான் சொல்றதுக்கு என்னட்டி இருக்கு?" நல்லபெருமாளின் குரல் உயர்ந்தது. "வீட்டையே இடிச்சிருக்கேன். மண்ணு மொதக்கொண்டு அள்ளிப் போட்டிருக்கேன். இதுக்கு மேல வாயால வேற சொல்லணுமா?"

குருவம்மாள் சொம்பில் மீந்த தண்ணீரை வாசலில் ஊற்றினாள்.

"உள்ள வாங்கம்மா" என்றார் அவர். கை இன்னும் நிலையில்தான் இருந்தது. "வந்து பாருங்க. நீங்க சொன்ன தரைதான். ஒரு கீறல் இல்ல."

அம்மா நகரவில்லை.

"உங்க மக வந்தா இங்கதான நிப்பா?"

"ஆமா."

"நானும் இங்கேயிருந்துதான் பார்க்கேன்."

"சரிம்மா, பாருங்க. நல்லாருக்கா?"

"தரை தெரியல அண்ணாச்சி. குறுக்க நீங்க நிக்கீங்க."