இடுகாட்டு விலாசம்

பாலத்தடியில் குடியிருந்த அஞ்சுகம், காய்ச்சலில் துவண்ட புருஷன் செங்கேணியை மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நகரத்தில் விலாசம் இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவன் செத்துப்போனான்.

அடுத்த வாரம் அதே ஆஸ்பத்திரியில் விழா. "இந்த நகரத்தில் வைத்தியம் கிடைக்காதவர் ஒருவருமில்லை!" என்று மேயர் முழங்கினார்.

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அஞ்சுகம் எழுந்தாள். "ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு வைத்தியம் பாக்கணுங்க."

"விலாசம் இருக்கா?" என்றார் மேயர்.

"போன வாரம் இல்லீங்க. இப்ப நீங்களே குடுத்திருக்கீங்க. மாநகராட்சி இடுகாடு, வேப்பமரத்துக்குப் பக்கத்துல."

இனி யாரிடமும் விலாசம் கேட்கக்கூடாதென்று மேயர் தலைகுனிந்தபடியே உத்தரவு போட்டார்.

அன்று மாலையே பாலத்தடிக்கு டாக்டர் வந்தார். "உங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்று அஞ்சுகத்தைக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க" என்றவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.