மோட்டார் கொட்டகை விளக்கும் ஆமணக்குப் புழுக்களும்

ஏரிக்கரை ஆமணக்குச் செடியின் அடியில், மண்கட்டிகளுக்குள் புழுக்கள் குடியிருந்தன. பகலில் எதுவும் தலையை நீட்டாது. நீட்டினால் மைனாக்கள் கொத்திவிடும். வெளிச்சம் போனதும் ஏறி இலையைத் தின்னும். வானம் வெளுக்கும்போது இறங்கிவிடும்.

ஒருநாள் பக்கத்து மோட்டார் கொட்டகையில் பெரிய விளக்கு போட்டார்கள். பொழுது சாய்ந்தும் வெளிச்சம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. புழுக்கள் மண்ணுக்குள்ளேயே காத்துக் கிடந்தன.

அவற்றில் கருப்பி என்று ஒரு புழு இருந்தாள். அவள் தம்பி சுள்ளான் பசியில் சுருண்டு கிடந்தான். மழைக்கு முன் வயிறு நிறையத் தின்றால்தான் கூடு கட்ட முடியும். இல்லையென்றால் சாவுதான்.

மாலையில் கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு மைனா குனிந்து பார்த்தது.

"என்னடி கருப்பி, வீட்டுல எல்லாரும் விரதமா?"

"வெளிச்சம் போகட்டும்னு இருக்கோம்."

"இது மனுசங்க வச்ச விளக்குடி. ராத்திரி இது எரியும்போது நான் தூங்கப் போயிடுவேன். உங்களை யாரு தொடப் போறா?"

"உன் பேச்சை நம்பச் சொல்றியா?"

"நம்பாதே. உன் தம்பி இன்னும் எவ்வளவு நேரம் தாங்குவான்னு மட்டும் பாத்துக்கோ."

மைனா பறந்துவிட்டது. கருப்பி தம்பியைப் பார்த்தாள். பிறகு அவளே முதலில் ஏறினாள். மற்றவை பின்னாலேயே வந்தன. ஒன்றுக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அதன்பின் வெளிச்சத்தில் தின்பதே பழக்கமாகிவிட்டது. சுள்ளான் கொழுத்தான். ஆனால் விளக்கு வெளிச்சத்தில் வானம் வெளுப்பது தெரியாமல், இறங்கும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப் போனது. விடியும் நேரங்களில் மைனா வேலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. கொத்தவில்லை.

ஒரு விடியலில் கருப்பியின் முதுகில் சூடு உறைத்தது. அவள் பதறினாள்.

"இறங்குங்க! பகல் வந்துடுச்சு!"

"சும்மா பயமுறுத்தாதேக்கா. ராத்திரி இருந்த அதே வெளிச்சம்தானே," என்றான் சுள்ளான், மென்றுகொண்டே.

கூட்டமாக மைனாக்கள் இறங்கின. கருப்பி தம்பியிடம் ஊர்ந்து போவதற்குள் அந்த இலையில் அவன் இல்லை. அவள் பிடி நழுவி மண்ணில் விழுந்தாள். ஒரு மண்கட்டிக்கடியில் புகுந்துகொண்டாள்.

"பாவி, ஏமாத்திட்டியே!" என்று அழுதாள்.

"ஒரு வார்த்தை பொய் சொன்னேனா? ராத்திரியில உங்களைத் தொட்டேனா?" என்றது மைனா. அலகைக் கிளையில் துடைத்துக்கொண்டது. பிறகு இறங்கி வந்து மண்கட்டியைப் புரட்டியது.

நம்மைத் தின்னக் காத்திருப்பவன் உண்மையே சொன்னாலும், அதைக் கேட்டு நம்மைக் காத்துவந்த வழக்கத்தைக் கைவிடக் கூடாது.