வெறுஞ்சட்டத்தில் ஓர் அடை

தவசிமுத்து ஆசான் மலையடிவாரத்து ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் குடியிருந்தார். தேனீ வளர்ப்பார். கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குப் பாடம் எதுவும் சொல்லமாட்டார். ஒரு பெட்டியைக் கொடுப்பார், அவ்வளவுதான்.

ஆசானுக்கு வயது முப்பத்தாறு. அவரிடம் கற்க வந்த லில்லிபாய்க்கு ஐம்பத்தொன்று. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை ஆசானே என்பாள். இருவருக்கும் அது பழகிப்போயிற்று.

லில்லிபாய் இருபது வருடம் கொத்தனார்களுக்குக் கையாளாகச் சாந்து சுமந்தவள். முதுகு வலி வந்து அந்த வேலை நின்றது. வீட்டுப் பின்புறம் தேனீ வைத்தாள். ஒரு கூட்டம் பறந்துபோயிற்று. இன்னொன்று வாங்கினாள். அதுவும் போயிற்று.

"உன் கையில எதுவும் நிக்காதுடீ" என்றாள் மாமியார். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் அந்தச் சொல் லில்லிபாயின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

"இது மூணாவது, ஆசானே. இதுவும் போயிட்டா மாமி சொன்னது சரின்னு ஆயிடும்" என்றாள், ஆசானிடம் பெட்டி வாங்க வந்தபோது.

ஆசான் கொடுத்த பெட்டியைத் திறந்து பார்த்தவளுக்குத் திக்கென்றது. உள்ளே தொங்கிய சட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. நாலு பக்கமும் மரம், நடுவில் ஒன்றுமில்லை. மேல்கட்டையில் மட்டும் நூல் அளவுக்கு மெழுகு தடவியிருந்தது.

"மெழுகுத் தாள் எங்க? முன்னால வாங்கின பெட்டியில அறை அறையா அச்சுக் குத்தின தாளு ஒட்டியிருந்துச்சே?"

"இதில இல்லை."

"அச்சு இல்லாம இதுக எப்படிக் கட்டும்?"

"கட்டி முடிச்சதும் அதுககிட்டயே கேளுங்க அக்கா."

தோட்டத்தில் ஒரு கம்பை நட்டு, அதன் தலையில் பலகை அடித்து, பலகைமேல் பெட்டியை வைத்து, அதில் ஒரு தேனீக் கூட்டத்தை இறக்கினார்கள். அன்றிலிருந்து லில்லிபாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் திறந்து பார்ப்பாள். மத்தியானம் திறந்து பார்ப்பாள். எறும்பு ஏறுமோ என்று கம்பைச் சுற்றித் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். பல்லி நுழையுமோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நடுவில் முந்தானையில் முடிந்திருக்கும் பீரோ சாவியையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

"அக்கா, பெட்டிக்கு மூடி இருக்கு. உங்களுக்குத்தான் ஒண்ணு செய்யணும்" என்றார் ஆசான்.

ஒன்பதாம் நாள் அவள் கத்தியோடு வந்து நின்றாள்.

"தேனடை கோணலா போகுது, ஆசானே. கீழ்ப்பக்கம் ஒரு விரலுக்குச் சட்டத்தை விட்டு வெளிய வந்திருச்சு. அடுத்த சட்டத்தில போயி ஒட்டிக்கிடும். வெட்டிரட்டுமா?"

"வெட்டினா?"

"கோவிச்சிட்டுப் பறந்துரும்."

"வெட்டாட்டி?"

"எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும். ஒரு சட்டத்தையும் வெளிய எடுக்க முடியாது." கத்தி பிடித்த கையைத் திருப்பிப் பார்த்தாள். "என் கையில என்ன குறை, ஆசானே?"

ஆசான் பெட்டியருகே போனார். மூடியை மெல்ல நகர்த்தினார். ஓரத்துச் சட்டம் ஒன்றை வெளியே எடுத்தார்.

"கத்தியைக் கீழ வச்சிட்டுப் பாருங்க."

அவள் அந்த இடைவெளி வழியாகப் பெட்டிக்குள் குனிந்தாள். இத்தனை நாளும் அவள் பார்த்தது அடையை மட்டும்தான். இப்போது அடைக்குக் கீழே இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். அங்கே தேனீக்கள் ஒன்றன் காலை ஒன்று பிடித்துக்கொண்டு சரம் சரமாகத் தொங்கின. ஒரு சரம்கூட ஆடவில்லை. அந்தச் சரங்களுக்கு நடுவே, அச்சும் இல்லாமல் அளவுகோலும் இல்லாமல், கீறிய தேங்காய் போல வெள்ளை வெளேரென்று அடை இறங்கிக்கொண்டிருந்தது.

லில்லிபாய் இன்னும் கிட்டக் குனிந்தாள்.

"அக்கா, அந்தச் சாவியைத் தாங்க."

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். ஆசான் அதை ஒரு நூலில் கட்டி அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பெட்டிச் சுவரை ஒட்டித் தொங்க விடுங்க."

தொங்க விட்டாள். சாவி இப்படியும் அப்படியும் ஆடியது.

"நிக்க மாட்டேங்குது."

"பொறுங்க."

அவள் பொறுத்தாள். பல்லைக் கடித்தாள். அப்போதும் ஆடியது. கடைசியில் அவள் சாவியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, உள்ளே தொங்கும் சரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. மறுபடி திரும்பியபோது சாவி அசையாமல் நின்றது.

நூலின் மேல்முனை பெட்டியின் விளிம்பைத் தொட்டது. கீழே சாவி, சுவரை விட்டு ஒரு விரல் தள்ளி நின்றது.

லில்லிபாய் சாவியைப் பார்த்தாள். உள்ளே அடையைப் பார்த்தாள். இங்கே ஒரு விரல். அங்கேயும் ஒரு விரல்.

சுவர் நேராக நிற்கிறதா என்று கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதை இருபது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆசானே... அடை நேராத்தான் இருக்கு. சட்டம்தான் சாஞ்சிருக்கு. பெட்டியே சாஞ்சிருக்கு."

சட்டென்று அவள் பெட்டியின் அடியில் பார்த்தாள். பலகைக்கும் பெட்டிக்கும் நடுவில், ஒரு பக்கமாக, ஓட்டுத்துண்டு ஒன்று செருகியிருந்தது.

"இது யாரு வச்சது?" என்றார் ஆசான்.

"நான்தான்." அவள் ஓட்டுத்துண்டைத் தொட்டாள். "மழைத் தண்ணி உள்ள தங்கிரக் கூடாதேன்னு..."

அவள் பெட்டியை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். ஆசான் ஓட்டுத்துண்டை உருவினார். பெட்டி பலகைமேல் சமமாக உட்கார்ந்தது. உள்ளே சரங்கள் லேசாக அசைந்து, மறுபடி நேராக நின்றன. ஒரு தேனீயும் பறக்கவில்லை.

அவள் ஓட்டுத்துண்டை ஆசானிடமிருந்து வாங்கித் தூரப் போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"இனி நான் எப்ப திறந்து பாக்கலாம், ஆசானே?"

ஆசான் இளமெழுகாக இருந்த அடையை விரலால் மெல்லச் சட்டத்துக்குள் தள்ளி, எடுத்த சட்டத்தைத் திரும்ப வைத்து, மூடியைப் போட்டார். நூலோடு அந்தச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"தினமும் காலையில இதைத் தொங்கவிட்டுப் பாருங்க அக்கா. விட்டதுமே ஆடாம நிக்கிற அன்னைக்குத் திறங்க."