இருவாச்சி ஒற்றைப் பழமாக ஊட்டுவது ஏன்?

அந்தக் காலத்தில் காட்டில் எல்லா உயிருக்கும் பேச்சு இருந்தது. ஒரு நாள் காலை ஒரு பெரிய மரத்தில் இருந்தவர்கள் இவர்கள்: ஆண் இருவாச்சி மூக்கன், பொந்துக்குள் அவன் மனைவி மூக்காயி, மேல்கிளையில் மலையணில் ஒன்று, பச்சைப்புறா நான்கு, கருமந்தி இரண்டு. ஆக ஒன்பது. மூக்காயி அடைகாத்த முட்டையையும் சேர்த்தால் பத்து.

முட்டையிடும் இருவாச்சி பொந்தின் வாயை மண்ணால் பூசிக்கொண்டு உள்ளேயே இருக்கும். புருஷன் கொண்டுவருவதுதான் சாப்பாடு. அப்போதெல்லாம் பூச்சில் அகலமான சந்து ஒன்று விடுவார்கள். மூக்கன் தொண்டை நிறைய அத்திப்பழம் கொண்டுவந்து, அதன் வழியே ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் பறந்துவிடுவான். ஒரு நாளைக்கு மூன்று நடை. ஒரு நடையும் தவறியதில்லை.

அன்று நாற்பத்தொரு பழங்களோடு வந்தான். பூச்சில் அந்தச் சந்து இல்லை. உள்ளிருந்து முழுக்கப் பூசியிருந்தது.

“ஏ புள்ள! திற!”

அலகால் தட்டினான்.

“மூணு நாளா அவ ஒரு பழமும் தொடலை அண்ணே,” என்றது மலையணில். “நீங்க அந்தப் பக்கம் போனதும் எல்லாத்தையும் வெளியே தள்ளிட்டா. கீழே பாருங்க.”

மரத்தடியில் ஒன்பது நடைப் பழமும் அழுகிக் கிடந்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அவளும் இல்லை, முட்டையும் இல்லை.

“நான் என்ன குறை வெச்சேன்? நடைக்கு நாற்பது பழம் கொண்டார்றவன் இந்தக் காட்டுல வேற எவன் இருக்கான்?”

பூச்சுக்கு உள்ளிருந்து மெல்லக் குரல் வந்தது. “முதல்முதல்ல எனக்கு எத்தனை கொண்டாந்தீங்க?”

ஒன்றே ஒன்று. மூக்கனுக்கு ஞாபகம் வந்தது. ஓடைக்கரை இலவமரத்தில் ஒட்டி உட்கார்ந்து, அதை எங்கே பறித்தான், எந்தக் குரங்கு துரத்தியது என்று பொழுது சாயும்வரை சொன்னான். பழம் அவள் அலகுக்கும் அவன் அலகுக்குமாக நாலு தடவை மாறியது. அவள் சிரித்த சிரிப்பில் கிளை ஆடியது.

“இப்போ வெளியே வெயிலா மழையான்னுகூட எனக்குத் தெரியாது,” என்றாள் மூக்காயி. “கொட்டுற சத்தம் கேட்கும். அப்புறம் றெக்கைச் சத்தம். அவ்வளவுதான்.”

மூக்கன் தொண்டையிலிருந்து ஒரு பழத்தை மட்டும் அலகு நுனிக்குக் கொண்டுவந்தான்.

“வெயில்தான் புள்ள. ஓடையில தண்ணி குறைஞ்சுபோச்சு.”

உள்ளே கொத்தும் சத்தம் கேட்டது. பூச்சில் ஒரு கீறல் விழுந்தது, ஒரு பழம் நுழையும் அளவுக்கு மட்டும்.

இரண்டாம் பழத்தோடு அவர்களுடைய இலவமரம் பூத்திருப்பதைச் சொன்னான். மூன்றாவதோடு, காலையில் கருமந்தி வழுக்கி விழுந்ததைச் சொன்னான்.

“பொய்!” என்று அவள் சிரித்தாள். மந்திகள் இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

இருபத்துமூன்றாம் பழத்தோடு அவனிடம் சேதி தீர்ந்துபோனது. பறந்த வழியில் வேறெதையும் அவன் பார்த்திருக்கவில்லை.

“மீதி இருக்கட்டும் மச்சான்,” என்றாள் உள்ளிருந்து. “போய்ப் பார்த்துட்டு வாங்க.”

அன்று முதல்தான் இருவாச்சி, பொந்துக்குள் அடைந்திருக்கும் மனைவிக்கு எத்தனை பழம் கொண்டுவந்தாலும் ஒவ்வொன்றாகவே ஊட்டுகிறது. அன்று மூக்கனின் தொண்டையில் மிஞ்சியவை பதினெட்டு.